ஓட்டை பாக்கப் போற பேராண்டிக்கு

வா பேராண்டி, உக்காரு. அந்த லேப்டாப்பை மூடி வையி, அதுவும் செத்த நேரம் கண்ணசரட்டும். உனக்கு வேலை கிடைச்ச சேதியை உங்க அப்பத்தா கூடலூர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்துட்டா. "எம்பேரன் கவருமென்டு கம்ப்யூட்டருக்கெல்லாம் காவக்காரன்"னு சொல்லிக்கிட்டுத் திரியிறா. காவக்காரன் முழிச்சிருக்கானா தூங்குறானான்னு பாக்கப் போறவன்டின்னு நானும் சொல்லிப் பாத்தேன். "அப்ப அவனுக்குச் சம்பளம் யாரு குடுப்பா? காவக்காரனா?"ன்னு கேட்டா பாரு, எனக்கு வெத்தலை தொண்டையில சிக்கிருச்சு. படிக்காதவ கேட்ட கேள்வி. உன் கம்பெனியில இத்தனை பேரு கோட்டுப் போட்டுக்கிட்டு இருக்காய்ங்களே, ஒருத்தனாச்சும் கேட்டிருப்பானா?

நான் எட்டாங்கிளாசு. ஆனா கம்பத்து டீக்கடையில பேப்பரை மொத ஆளாப் பிரிக்கிறவன். அந்த உரிமையில உனக்குப் பிழைக்கிற வழி மூணு சொல்றேன், காதை இங்கிட்டுக் குடு.

மொத வெவரம், காட்டுன இடத்தை மட்டும் பாரு. ஒரு இலாகா வெப்சைட்டு தொடங்குதுன்னு வையி. அதை அரசாங்க சர்வர்ல ஏத்தணும்னா பாதுகாப்புத் தணிக்கை முடிஞ்ச சர்டிபிகேட் வேணும். டெல்லியில கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பாக்க செர்ட்-இன்னுன்னு ஒரு அமைப்பு இருக்கு, 2004ல ஆரம்பிச்சது. அவுக பட்டியல்ல பேரு இருக்கிற, உன்னோடது மாதிரிக் கம்பெனிதான் அந்தச் சர்டிபிகேட்டைக் குடுக்கணும். இது வரைக்கும் ஒரு குத்தமும் இல்ல. பட்டியல் இல்லாட்டி என்ன ஆகும்னு நம்ம மாவட்டத்துக்கே தெரியும். பொட்டிப்புரத்துல மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட அனுமதி வாங்குனாய்ங்களே, அந்தச் சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சுல பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வச்சுச்சு. அறிக்கை எழுதிக் குடுத்த கோயம்புத்தூர் சாலிம் அலி நிறுவனத்துக்கு அதுக்கான அங்கீகாரம் இல்லைங்கிறது அதுல ஒரு காரணம். பறவை ஆராயிறவுக பாறைக்கு நற்சாட்சி எழுதுனா அப்படித்தான்.

கூத்து பட்டியலுக்கு அப்புறந்தான் ஆரம்பம். இலாகா டெண்டர் விடும். எவன் ரேட்டு கம்மியோ அவனுக்கு வேலை, எல்-1ன்னு நீயே சொன்ன. நிசமா ஓடுற சர்வரைத் தொடவிட மாட்டாய்ங்க, அதோட நகல் ஒண்ணைத் தொறந்து விடுவாய்ங்க. இத்தனை பக்கம், இந்த லாகின், இம்புட்டு நாளுன்னு எல்லை போட்டுருவாய்ங்க. நீ அதுக்குள்ள லாந்தி ஓட்டையைக் கண்டுபிடிச்சு எழுதிக் குடுப்ப. சைட்டு செஞ்சவன் அடைப்பான். நீ மறுபடி ஒருக்கா பாத்துட்டு "ஏத்தலாம்"னு கையெழுத்துப் போடுவ. மறுவாரம் மந்திரி தொடங்கி வைக்க வர்றாருன்னு அவசரமா நாலு பக்கம் புதுசாச் சேப்பாய்ங்க. அந்த நாலையும் யாரு பாத்தான்னு கேட்டுறாத. டெண்டர்ல இல்லாததைக் கேக்குறவனுக்கு அடுத்த டெண்டர் இல்ல. வருசத்துக்கு ஒருக்காவாச்சும் தணிக்கை நடக்கணும்னு செர்ட்-இன் 2025 ஜூலையில விரிவா ஒரு வழிகாட்டி போட்டிருக்கு. நல்ல சேதி, உனக்குச் சோத்துக்குப் பஞ்சமில்ல.

சர்டிபிகேட்டுக்கு எம்புட்டு ஆயுசுன்னு தெரியணும்னா 2024 மே மாசத்துக் கதையைக் கேளு. நம்ம போலீசு, மூஞ்சியை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் ஒண்ணு வச்சிருக்கு. கொல்கத்தாவுல இருக்கிற சி-டாக்குங்கிற மத்திய அரசு நிறுவனம் செஞ்சது. அதுக்குள்ள எவனோ பூந்துட்டான், உள்ள இருந்த வெவரத்தை வெளியில கடை விரிச்சுட்டான். போலீசு அறிக்கை விட்டுச்சு. ஒரு அட்மினோட பாஸ்வேர்டு பறிபோயிருச்சு, அந்த ஐடிக்கு அதிகாரம் கொஞ்சந்தான், பயப்பட ஒண்ணுமில்லைன்னு. அதோட நிறுத்தியிருக்கலாம். மார்ச்சுலதான் எல்காட்டுங்கிற மாநில அரசு கம்பெனி பாதுகாப்புத் தணிக்கை முடிச்சதுன்னும் சேத்துச் சொன்னாய்ங்க. அதைச் சமாதானம்னு நினைச்சுத்தான் சொன்னாய்ங்க, எனக்கென்னமோ அதுதான் வயித்தைக் கலக்குச்சு. மார்ச்சுல தணிக்கை, மே மாசம் களவு. அந்த மென்பொருளை வச்சிருந்த மாநிலத் தரவு மையத்தை நடத்துறது எல்காட்டு. சோதிச்சதும் எல்காட்டு. எல்காட்டு ஆளுகளுக்குத் திறமை பத்தாதுன்னு நான் சொல்லல. எம்புட்டுத் திறமைசாலியா இருந்தாலும் தன் கூரை ஒழுகுதுன்னு தானே எழுதிக் கையெழுத்துப் போடக் கொஞ்சம் கை கூசத்தானே செய்யும். போதாக்குறைக்கு, தணிக்கைக்காரன் மென்பொருளைத் துருவிப் பாப்பான். அட்மின் தன் பாஸ்வேர்டை எந்தத் துண்டுச்சீட்டுல எழுதி எங்க சொருகியிருக்கான்னு பாக்கச் சொல்லி அவனுக்கு யாரும் காசு குடுக்குறதில்ல.

ரெண்டாவது வெவரம், உடைஞ்சது தெரிஞ்சாலும் மொத நாளு இல்லைன்னே சொல்லணும். இதைக் கூடங்குளத்துக்காரவுக கிட்டக் கத்துக்க. 2019 அக்டோபர்ல அணு உலையில வைரசு பூந்துருச்சுன்னு பேச்சுக் கிளம்புச்சு. 29ஆம் தேதி, எங்க கம்ப்யூட்டர் வெளி உலகத்தோட சேராம தனியா இருக்கு, அதுக்குள்ள பூர வாய்ப்பே இல்லைன்னு அறிக்கை. 30ஆம் தேதி, ஆமா, பூந்தது, நிர்வாக வேலை பாக்குற ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும்னு இன்னொரு அறிக்கை. இதுல சூட்சுமம் என்னன்னா, செர்ட்-இன் இந்தச் சேதியை செப்டம்பர் 4ஆம் தேதியே சொல்லிருச்சு. உலையை ஓட்டுற கருவி எதுக்கும் ஒண்ணும் ஆகல, நல்லவேளை. ஆனா தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு மாசம் வாயை மூடி இருந்தாய்ங்களே, அதுக்கு எந்த மென்பொருள்ல மருந்து இருக்கு?

இப்ப நம்ம ஊரு கதைக்கு வாரேன். 2021 ஜூன் கடைசி. தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வெவரம்னு சொல்லி ஏறக்குறைய 50 லட்சம் பேரோட பேரு, விலாசம், ஆதார் நம்பரு, வீட்டுல யாருக்கு யாரு என்ன உறவுங்கிறது வரைக்கும், ஹேக்கர்க கூடுற சந்துல கிடக்குன்னு ஒரு தனியார் சைபர் பாதுகாப்பு கம்பெனி சொல்லுச்சு. சொன்னது யாருன்னு பாத்துக்க, வெளியாளு. காசு வாங்கிக்கிட்டுச் சோதிச்ச எவனும் வாயைத் தொறக்கல. அதுக்கடுத்த ரெண்டு மூணு மாசத்துல, செப்டம்பர்ல, சென்னைக் கோட்டையில பொதுத்துறைங்கிற இலாகாவோட கம்ப்யூட்டரையே பூட்டிப்போட்டு 1,950 டாலர் கிரிப்டோவாக் குடுத்தாத் தொறப்போம்னாய்ங்க. அம்புட்டுக் கொஞ்சமாக் கேட்டதுதான் எனக்கு அவமானமா இருந்துச்சு. திருடனுக்கே நம்ம கோட்டை மேல மதிப்பில்ல.

அன்னிக்கு நம்ம கம்பம் பள்ளத்தாக்குல ஒரு ஆளு வாயத் தொறந்தாரா? ரேஷன் கடை வரிசையில பாமாயில் வந்துருச்சாங்கிறதுதான் பேச்சு. இதே சனந்தான் 2011 டிசம்பர்ல, கேரளாவோட அணைச் சண்டையில, லோயர் கேம்ப் ரோடு கொள்ளாம நின்னுச்சு. குமுளி வரைக்கும் மனுசத் தலைதான். நானும் நின்னேன், இடுப்பு வலியோட. முல்லைப் பெரியாறு அணைக்கு ஒண்ணுன்னா நமக்குக் குலையே நடுங்குது, நியாயந்தான், 14,707 ஏக்கர் இருபோகமும் அந்தத் தண்ணியிலதான் நிக்குது. ஆனா பேராண்டி, அந்தச் சண்டைக்கு அடிவேரு என்னன்னு யோசிச்சுப் பாத்தியா? அணை நல்லா இருக்கா இல்லையாங்கிறது ஒரு சண்டை. அதை யாரு பாத்துச் சொன்னா நம்புறதுங்கிறது அதை விடப் பெரிய சண்டை.

1886ல 999 வருசத்துக்குக் குத்தகை எழுதி, பென்னிகுக் கட்டி, 1895ல தண்ணி வந்துச்சு. 1979ல கேரளாவுல அணைக்கு ஆபத்துன்னு கிளப்பிவிட்டு 152 அடி இருந்த தேக்கத்தை 136க்கு இறக்குனாய்ங்க. நம்ம இன்ஜினியர் போயி தட்டிப் பாத்துட்டு இரும்பாட்டம் இருக்குன்னாரு. அவுக இன்ஜினியர் அதே சுவத்தைத் தட்டிப் பாத்துட்டு அப்பளமாட்டம் இருக்குன்னாரு. ரெண்டு பேரும் படிச்சவுகதான். சம்பளம் வந்த திசைதான் வேற. 2006ல சுப்ரீம் கோர்ட்டு 142 அடி வரைக்கும் தேக்கலாம்னுச்சு, கேரளா சட்டசபையைக் கூட்டித் தடுத்து ஒரு சட்டம் போட்டுச்சு. கடைசியில 2010ல கோர்ட்டே அஞ்சு பேரு குழு போட்டுச்சு. தலைவர் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த். நம்ம பக்கம் ஏ.ஆர். லட்சுமணன், அவுக பக்கம் கே.டி. தாமஸ், ரெண்டு பேருமே பழைய நீதிபதிக. கூட ரெண்டு தொழில்நுட்ப வல்லுநருக. 2012ல அணை பலமா இருக்குன்னு அறிக்கை வந்துச்சு, 2014 மே 7ஆம் தேதி 142 அடின்னு தீர்ப்பு வந்துச்சு. கம்பத்துல அன்னிக்கு வெடிச்ச சரவெடியில நம்ம கோழி ரெண்டு நாளு முட்டை வைக்கல.

அதுல எனக்குப் பிடிச்ச ஆளு தாமஸ்தான். கேரளா அனுப்பி வச்ச மனுசன், அணை பலமா இருக்குங்கிறதை ஒத்துக்கிட்டாரு. அனுப்புனவுக மூஞ்சி எப்படிப் போயிருக்கும்! அந்த மாதிரித் தைரியமெல்லாம் உனக்கு வேணாம் பேராண்டி, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல.

இப்ப அதைக் கம்ப்யூட்டருக்குப் போட்டுப் பாரு. அணைன்னா, கட்டிக் காக்குறவனே சோதிச்சுச் சொன்னா ஏத்துக்க மாட்டோம்னு எதிர்க்கரைக்காரன் கேட்டான், அதனால மூணாவது ஆளு வந்தான். கேரளா இன்னமும் மறுபடி சோதிக்கணும்னுதான் நிக்குது. நம்மாளுகளுக்குக் கோவம். நமக்குச் சாதகமா வந்ததுக்கப்புறம் இன்னொரு தணிக்கை எதுக்குன்னு கேக்குறதுல நானும் ஒருத்தன், ஒளிப்பானேன். ஆனா ரேஷன் கார்டு கம்ப்யூட்டருக்கு அப்படிக் கேக்க எதிர்த்த கரையில ஆளே இல்ல. உடைஞ்சா வெள்ளம் வந்து வீட்டை அடிச்சுட்டுப் போறதில்ல பாரு. எவனோ எங்கிருந்தோ உன் பேருல கடன் வாங்குறப்பதான் உறைக்கும்.

எதிர்க்கரைக்காரன் வேலையைத் தானா எடுத்துப் பாத்தவுக கதை தெரியுமா? ஐதராபாத்துல ஹரி பிரசாத்துன்னு ஒரு இன்ஜினியர். ஓட்டு மிசினை ஏமாத்த முடியும்னு 2010ல செஞ்சு காட்டுனாரு. கூட ரெண்டு வெளிநாட்டுக்காரவுக, ஒருத்தர் நெதர்லாந்து, இன்னொருத்தர் அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழக வாத்தியார் அலெக்ஸ் ஹால்டர்மேன். சரி தப்புன்னு தேர்தல் கமிசன் விவாதம் பண்ணியிருக்கலாம். ஆனா ஆகஸ்ட் 21ஆம் தேதி காலையில போலீசு வந்து, அந்த மிசினு உனக்கு எப்படிக் கிடைச்சதுன்னு சொல்லுன்னு அவரை மும்பைக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. ஒரு வாரங் கழிச்சுத்தான் ஜாமீன். மிசினு திருட்டு மிசினான்னு விசாரிக்கலாம், வேணாங்கல. அவரு சொன்ன ஓட்டை நெசமான்னு அதே வேகத்துல விசாரிச்சிருக்கலாம்ல? பஞ்சாப்புல ட்ரிப்யூன் பேப்பருக்கு எழுதுன ரச்னா கைராவுக்கும் அதேதான். 500 ரூவா குடுத்தேன், 10 நிமிசத்துல ஆதார் வெவரத்தைப் பாக்க லாகின் வந்துருச்சுன்னு 2018 சனவரியில எழுதுச்சு அந்தப் பொண்ணு. எப்.ஐ.ஆர்.ல அது பேரும் ஏறிருச்சு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66ன்னு ரெண்டு பிரிவு இருக்கு. அனுமதி இல்லாம உள்ள போனா தப்பு. திருடப் போனவனுக்கும் அதே பிரிவு, "அய்யா உங்க கதவு தொறந்து கிடக்கு"ன்னு சொல்லப் போனவனுக்கும் பயமுறுத்த அதே பிரிவு. திருடனாச்சும் ஓடிருவான். இவன் விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டுல குடுக்குறான், பிடிக்க லேசு.

அந்த ஹால்டர்மேன் இருக்காரே, அவருக்கு அதே 2010ல நடந்தது ரெண்டு. மொதலாவதை நீதான் எனக்குப் போன்ல சொன்ன, நான் டீக்கடையில பத்துப் பேருக்குச் சொல்லிட்டேன். வாசிங்டன் நகரத்துல, வெளிநாட்டுல இருக்கிறவுக இணையத்துலயே ஓட்டுப் போட ஒரு சிஸ்டம் செஞ்சாய்ங்க. தேர்தலுக்கு முன்னாடி ஒத்திகை வச்சு, முடிஞ்சா உடைச்சுக் காட்டுங்கன்னு ஊருக்கே சொல்லி விட்டாய்ங்க. வாத்தியாரும் அவரு பிள்ளைகளும் 48 மணி நேரத்துக்குள்ள உள்ள போயிட்டாய்ங்க. போட்ட ஓட்டையெல்லாம் மாத்தி, சினிமாவுலயும் கதையிலயும் வர்ற ரோபோக்களை செயிக்க வச்சாய்ங்க. ஓட்டுப் போட்டு முடிச்ச ஆளுக்கு 15 செகண்டு கழிச்சு மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பாட்டுப் பாடுற மாதிரி வச்சாய்ங்க. அதிகாரி மக்க கண்டுபிடிக்கவே ரெண்டு நாளுக்குப் பக்கம் ஆச்சு. அந்த அறையில இருந்த கேமரா வழியா அவுக வேலை பாக்குறதையும் இவுக மிச்சிகன்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாய்ங்களாம். இன்னொண்ணு, அதே நேரத்துல ஈரான், சீனா, நம்ம இந்தியாவுல இருக்கிற கம்ப்யூட்டர்கள்ல இருந்தும் அந்தப் பக்கம் கதவைத் தட்டிக்கிட்டு இருந்ததையும் பாத்து, அதுகளை உள்ள விடாம இவுகதான் அடைச்சாய்ங்க. உடைக்க வந்த பயலுகதான் காவலுக்கும் நின்னாய்ங்க. நகரத்துக்காரவுக வெக்கப்பட்டாய்ங்க, ஓட்டை இணையத்துல அனுப்புற வேலையை அந்தத் தேர்தல்ல கைவிட்டாய்ங்க. ஒருத்தனையும் ஜெயில்ல போடல.

அவருக்கு நடந்த ரெண்டாவது, அந்த டிசம்பர்ல டெல்லி விமான நிலையத்துல. நம்ம நாட்டுக்கு வந்து எறங்குன மனுசனை உள்ள விடாம நிறுத்தி, திருப்பி அனுப்பிருவோம்னு உக்கார வச்சு, அப்புறந்தான் விட்டாய்ங்க. அங்கிட்டு உடைச்சவனைச் சும்மா விட்டாய்ங்க, இங்கிட்டுப் பாத்ததுக்கே திருப்பி அனுப்பப் பாத்தாய்ங்க.

நம்மாளுகளும் அழைப்பு வைக்காம இல்ல. 2017 ஜூன் 3ஆம் தேதி, ஓட்டு மிசினை ஏமாத்திக் காட்டுங்கன்னு தேர்தல் கமிசன் கட்சிகளைக் கூப்பிட்டுச்சு. ஆனா உள்ள இருக்கிற போர்டை மாத்தக் கூடாதுன்னு நிபந்தனை. தேசியவாத காங்கிரசும் மார்க்சிஸ்டு கட்சியும் மட்டும் வந்தாய்ங்க, அவுகளும் மிசினு எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்பிட்டாய்ங்க. மறுநாள் பேப்பர்ல, மிசினை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியலைன்னு சேதி. அந்த மிசினு உண்மையிலயே கெட்டியானதா இருக்கலாம். ஆனா அன்னிக்கு அது நிரூபணம் ஆகல, அன்னிக்கு வந்தவுக டீ குடிச்சதுதான் நிரூபணம் ஆச்சு.

மூணாவது வெவரம் சொல்லிட்டு விட்டுர்றேன். நீ எழுதுற அறிக்கையை ஊருக்குக் காட்டாத. காட்டணும்னு நினைச்சாலும் முடியாது. கணக்குத் தணிக்கை பண்ற சி.ஏ.ஜி.யைப் பாரு, அரசமைப்புச் சட்டத்துலயே இடம், சம்பளத்தைக் குறைக்க முடியாது, நினைச்சப்ப வீட்டுக்கு அனுப்ப முடியாது. எழுதுற அறிக்கை சபையில வச்சாகணும். ஆதாரை நடத்துறவுக எங்கெங்க கோட்டை விட்டாய்ங்கன்னு அவுக எழுதுனது 2022ல பார்லிமென்டுக்கு வந்து, நானே பேப்பர்ல படிச்சேன். உன் அறிக்கை? இலாகா பீரோவுக்குள்ள போயிரும். செர்ட்-இன்னைக் கேக்கலாம்னா, 2023 நவம்பர்ல தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல இருந்து அதுக்கு விலக்குக் குடுத்துட்டாய்ங்க. ஓட்டை எங்க இருக்குன்னு அடைக்கிறதுக்கு முன்னாடி ஊருக்குச் சொன்னா திருடனுக்கு வழி சொன்ன மாதிரி ஆகும், அது எனக்கும் புரியுது. அடைச்சதுக்கப்புறம் சொல்ல என்ன கேடு? இந்த இலாகாவைச் சோதிச்சது இந்தக் கம்பெனி, கண்டது இத்தனை, அடைச்சது இத்தனை, மிச்சத்துக்கு இந்தத் தேதின்னு ஒத்தைத் தாள் எழுதி கலெக்டர் ஆபீசு போர்டுல ஒட்டட்டும். தேனிக்கு வர்றப்ப நானே நின்னு படிப்பேன். முல்லைப் பெரியாறு எத்தனை அடின்னு தினம் பேப்பர்ல போடுறாய்ங்கல்ல, அணை உடைஞ்சா போச்சு?

இந்த ஒத்தைத் தாளை உங்க மேனேஜர் கிட்டச் சொல்லிப் பாரு. சிரிப்பாரு. சிரிச்சு முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு கேளு. இலாகா நமக்குக் குடுக்க வேண்டிய கடைசித் தவணை, நாம அறிக்கை குடுத்ததும் வருமா, இல்ல "ஏத்தலாம்"னு சர்டிபிகேட் குடுத்தாத்தான் வருமா? அதுக்கு அவரு என்ன பதில் சொல்றாருன்னு கேட்டுட்டு, எனக்குப் போன் போடு. சர்டிபிகேட்டுக்கு அப்புறந்தான்னு சொன்னாருன்னா, மொத அறிக்கை எழுத உக்கார்றதுக்கு முன்னாடியே பாக்கிப் பணத்தை வாங்கிர வழி பாரு. அதைக் கேக்க உனக்குக் கூச்சமா இருந்தாச் சொல்லு, உங்க அப்பத்தாவை அனுப்பி வைக்கிறேன்.